தடுப்புக்கு அந்தப் பக்கம்

மலையேறும் சாமான்களை வாங்கி விற்கும் அந்தக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் பட்டறை. மேலே ஏறினால் ஒரே நீளக் கூடம், மரத்தரை. மரத்தில் முளை அடிக்க முடியாது என்பதால், விரித்து வைத்த கூடாரங்களின் கயிறுகளை மணல் மூட்டைகளில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஜன்னல்களின் முன்னால் துணிகள் தொங்கியதால் பகலிலும் அங்கே ஒரு மங்கல் வெளிச்சம்தான். ரப்பர் வாடை, மழை பட்டுக் காய்ந்த துணியின் வாடை, எங்கோ ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன காலுறையின் வாடை.

படியேறி வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் வந்தவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல் அலுவலகத்தில் எடை பார்ப்பவர். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு தரம் ஏந்திப் பார்த்துவிட்டு எடையைச் சொல்வார். எந்திரம் அதையே பிறகு சொல்லும். பின்னால் வந்தவன் அவர் மனைவியின் தம்பி. மாமாவோடு கடைக்குப் போனால் சினிமாவுக்குப் போகத் தேவையில்லை என்பது அவன் கட்சி.

தராசுக்கு வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரே ஒரு முறை, இளவயதிலிருந்து தள்ளிப் போட்டுவந்த முகட்டுப் பாதையைத் தனியாக நடந்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "போறதுன்னா போங்க. ஆனா முதுகுல ஏத்துற ஒவ்வொரு சாமானும் முட்டியிலதான் வந்து இறங்கும். அங்க மடங்கிட்டா தூக்கிட்டு வர ஆள் கிடையாது" என்றார்.

அன்றிலிருந்து தராசு எடையோடு போர் தொடுத்தார். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியில் வெட்டினார். சட்டைகளின் கழுத்துப் பட்டையிலிருந்த துணிச்சீட்டுகளைக் கத்தரித்தார். எல்லாம் குறைந்தது. மிஞ்சியது கூடாரம்.

"மாமா, இது டென்டா, தலையணை உறையா?" என்று மைத்துனன் ஒரு கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"ஒத்த ஆள் டென்ட்னா அப்படித்தான் இருக்கும். உனக்கு அதுல பாதி உடம்புதான் போகும். மீதி மழையில நனையும்."

"நனையட்டும். குளிச்சு நாளாச்சு."

கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். தலைமுடியைக் கூடாரக் கயிற்றால் கட்டியிருந்தாள். "படுத்துப் பாருங்க சார். கூடாரத்தை நின்னுக்கிட்டு வாங்கக் கூடாது, செருப்பை உட்கார்ந்துக்கிட்டு வாங்கக் கூடாது."

கூடாரத்தில் எடை எங்கே ஒளிந்திருக்கும் என்பது தராசுக்குத் தெரியும். முதலில் கம்பிகள். நடக்கும்போது ஊன்றும் கோலையே நட்டு நிறுத்திக்கொள்ளும் கூடாரமாக இருந்தால் கம்பிகளே வேண்டாம். அடுத்தது இரட்டைத் துணி. உள்ளே ஒரு வலைக்கூடு, அதற்கு மேல் ஒரு மழைத்துணி என்று இரண்டு அடுக்கு இருந்தால் உள்ளே ஈரம் சொட்டாது. ஆனால் பாரம் கூடும். ஒற்றைத் துணியில் பாரம் பாதி. அதற்குப் பதிலாக, படுத்திருப்பவன் விடுகிற மூச்சு குளிர்ந்த துணியில் பட்டுப் பனியாகப் படிந்து, விடியற்காலையில் அவன் மூக்கிலேயே சொட்டும். கடைசியாக ஜிப்புகள். ஒரு வாசல் போதும் என்று நினைப்பவனுக்கு ஒரு ஜிப் போதும்.

கூடத்தின் கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கூடாரம் நின்றது. ஒற்றைத் துணி, ஒற்றை வாசல், ஊன்றுகோலில் நிற்பது. தராசு அதன் துணியின் ஓரத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது பழசு சார். ஆனா கிழிசல் இல்ல" என்றாள் அம்மாள்.

உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தார். நெருக்கமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது ஒன்றரை ஆள் படுக்கலாம் போலிருந்த அகலம், உள்ளே அப்படி இல்லை. வலது பக்கம் கையால் தடவிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, கூரையிலிருந்து தரை வரை, யாரோ ஒரு துணித் தடுப்பைக் கையாலேயே தைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நீளமாக ஓர் இடம் அடைபட்டுக் கிடந்தது.

"முன்ன வச்சிருந்தவர் தச்சது. சாமான் வைக்கிறதுக்கா இருக்கும்" என்றாள் அம்மாள்.

மைத்துனன் குனிந்து பார்த்தான். "சாமான் வைக்கிற இடம்னா வாய் இருக்கணுமே? இது நாலு பக்கமும் மூடித்தானே இருக்கு."

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு கிறுக்கு தம்பி. கொண்டு வந்த ஆளே ஒரு மாதிரி. நெட்டையா, கண்ணெல்லாம் உள்ள போயி. உட்காருங்கன்னேன். அதோ அந்த பெஞ்சு முழுக்கக் காலி. அதோட ஓரத்துல போயி, பாதி உடம்பு வெளிய தொங்க உட்கார்ந்தார்."

தராசு தடுப்பை விரலால் அழுத்தினார். துணி உள்ளே போனது. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. ஆனால் துணி திரும்புகிற வேகத்தில் வரவில்லை. மெதுவாக, ஒரு வயிறு திரும்பி வருவதுபோல் வந்தது. தொட்ட இடம் சில்லென்று கொஞ்சம் ஈரமாக இருந்தது.

ஈரத்தோடு சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது, அதனால்தான் துணி தாமதமாகத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் கிடைத்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

"தடுப்பைப் பிரிச்சு எறிஞ்சா இன்னும் எடை குறையும்" என்றார் எழுந்து.

*

வீட்டில் கூடத்து விளக்கின் கீழே கூடாரத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். மனைவி ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். தன் தையல் பிரிக்கும் கத்தியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். நல்ல கை தைத்ததா கெட்ட கை தைத்ததா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

கால்மாட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போனார். ஆரம்பத்தில் தையல் ஒழுங்காக இருந்தது. சமமான இடைவெளி, நல்ல கறுப்பு நூல். படுப்பவனின் இடுப்பு வரும் இடத்தில் நூல் தீர்ந்து, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலில் தொடர்ந்தது. தோள் வரும் இடத்தில் அதுவும் தீர்ந்து, சுருள் சுருளாக ஒரு கம்பளி இழை.

"காலுறையில இருந்து உருவின நூல்" என்றாள் மனைவி.

அங்கிருந்து தையலுக்கு முறையே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, போன இடத்துக்கே திரும்பிப் போய், குத்திய இடத்திலேயே குத்தியிருந்தது. தலைமாட்டில் துணியே தெரியாத அளவுக்கு இழைகள் மண்டிக் கிடந்தன.

"கடையில உட்கார்ந்து தச்சதில்ல இது. மலையில, உள்ள படுத்துக்கிட்டே தச்சிருக்கார். முடிச்செல்லாம் இந்தப் பக்கம் பாருங்க." அவள் ஒரு முடிச்சை நகத்தால் நெருடினாள். "இவ்வளவு அவசரமா எதுக்குத் தைக்கணும்?"

"குளிர்ல கை விறைச்சிருக்கும். அதான் கோணல்மாணல்."

கடைசி இழை அறுந்தது. தடுப்பு தனியே கழன்று வந்தது. அடைபட்டிருந்த இடத்திலிருந்து மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. வெகுநேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர் விடுவது போல.

"காத்து" என்றார் தராசு.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் துணி. கூடாரம் இப்போது தாராளமாகத் தெரிந்தது. பிரித்த தடுப்பை ஏந்திப் பார்த்து, "ஒரு ஆப்பிள் எடை குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

புறப்படுகிற அன்று காலையில் மனைவி முதுகுப்பையின் பக்கப் பையில் எதையோ செருகுவதைப் பார்த்துவிட்டார். வெளியே எடுத்தார். ஊசி நூல் டப்பா.

"ஏம்மா, நான் என்ன அங்க ஜாக்கெட் தைக்கவா போறேன்?"

"கிழிஞ்சா என்ன செய்வீங்க? ஊசி ஒரு எடையா?"

"ஊசி எடையில்ல. டப்பா எடை."

"அப்ப ஊசியை மட்டும் சட்டையில குத்திக்கிட்டுப் போங்க."

"குத்தும்" என்று சொல்லி டப்பாவைப் படுக்கையறை அலமாரியில் வைத்தார்.

"என்னையும் இறக்கி வச்சிட்டுப் போறீங்க, ஊசியையும் இறக்கி வச்சிட்டுப் போறீங்க. முட்டியை மட்டும் முழுசாக் கொண்டு வாங்க, போதும்" என்றாள் அவள்.

*

முதல் நாள் மலையடியில் இருந்த கல் குடிசையில் மற்ற நடையாளர்களோடு படுத்தார். கூடாரத்துக்கு வேலை வரவில்லை. அடுத்த நாள் மரங்கள் தீர்ந்து, புல்லும் பாறையுமான முகட்டில் ஏறினார். பை முதுகில் இருப்பதே தெரியவில்லை. முழங்கால் முனகியது, ஆனால் மடங்கவில்லை.

உச்சிவேளைக்குப் பிறகு காற்று திசை மாறியது. பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து பாதையை நக்கியது. சற்று நேரத்தில் தன் காலே தனக்குத் தெரியவில்லை. பிறகு மழை, அதோடு கலந்து பனித்துருவல். ஒரு கல்லில் கால் வழுக்கி, முழங்கால் உள்ளே ஏதோ புரண்டது. உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது வலது கால் பாரம் தாங்கவில்லை.

அங்கேயே கூடாரத்தை நட்டார். கை விறைத்து முளைகள் நழுவின. ஊன்றுகோலை நிறுத்தி, கயிற்றை இழுத்து, உள்ளே உருண்டு விழுந்து ஜிப்பை மூடியபோது உடம்பு முழுக்க நனைந்திருந்தது. நனைந்ததைக் கழற்றி, வாத்துத் தூவி அடைத்த தூங்கும் பைக்குள் புகுந்துகொண்டார். மழை விடும்வரை இங்கேயே இருக்க வேண்டியதுதான். நனைந்தவன் அந்தக் காற்றில் வெளியே நின்றால் இருட்டுவதற்குள் முடிந்துபோவான். கணக்கு நேரானது.

மேகத்துக்குள் வெளிச்சம் பால்போல் பரவியிருந்தது. சாம்பல் துணி வழியாக அது உள்ளே வந்தபோது எல்லாம் ஒரே நிறமாக, நிழலே இல்லாமல் இருந்தது. காற்று துணியைப் பட் பட்டென்று அடித்தது.

கூடாரத்துக்குள் தண்ணீர் இரண்டு வழியாக வரும். ஒன்று வானத்திலிருந்து, அது எல்லாருக்கும் தெரியும். மற்றது படுத்திருப்பவனின் வாயிலிருந்து. அது படுத்தவனுக்குத்தான் தெரியும். வாய்க்கு நேரே இருக்கும் துணியில் முதலில் ஒரு வெண்மை படியும். பிறகு ஊசிமுனை ஊசிமுனையாகத் துளிகள். பிறகு அவை ஒன்றுசேர்ந்து ஓடும். தராசு இடது பக்கச் சரிவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்துக்கு நேரே ஒரு கைக்குட்டை அளவு வெண்மை படிவதைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

பிறகு மல்லாந்தார்.

வலது பக்கச் சரிவிலும் ஒரு வெண்மை இருந்தது.

அதே உயரத்தில். அதே அளவில்.

மூச்சு சுற்றி வந்திருக்கும் என்று நினைத்தார். சூடான காற்று மேலே ஏறி, கூரையில் முட்டி, அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். அப்படியானால் கூரை முழுக்கப் படிந்திருக்க வேண்டும். கூரை உலர்ந்திருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்கினார். இடது பக்க வெண்மை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது.

வலது பக்க வெண்மையும் சுருங்கியது.

பிறகு பெருத்தது.

சுருங்கியது. பெருத்தது.

அவர் மூச்சு விடவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டார். குளிர் ஏறினால் மூளை இல்லாததைக் காட்டும் என்று எங்கோ படித்திருந்தார். கண்ணைத் திறந்தபோது தான் இடது ஓரத்துக்கு வந்துவிட்டதைக் கவனித்தார். நடுவில்தான் படுத்திருந்தார். தரை சரிவாக இருக்கிறது, உருண்டிருக்கிறோம். தலைமாட்டுத் தையலில் அவர் இருந்த பக்கமாக ஒரு துளி மழைநீர் கசிந்து தரைத்துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று. தண்ணீரைவிட நேர்மையான மட்டப்பலகை உலகத்தில் கிடையாது. எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் பள்ளம்.

துளி கோடாகி, அவரை விட்டு விலகி, வலது பக்கமாக ஓடியது.

பள்ளம் வலது பக்கம். அவர் உருண்டிருப்பது மேட்டை நோக்கி.

தண்ணீர்க் கோடு தரையின் நடுவரைக்கும் போனது. அங்கே நின்றது. முன்னால் எதுவும் இல்லை; வெறும் துணி. நின்ற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, பிறகு கால்மாட்டுப் பக்கமாகத் திரும்பியது. நேராகப் போகவில்லை. ஒரு தோளைச் சுற்றுவதுபோல் வளைந்தது. உள்ளே ஒடுங்கியது. இடுப்பைப்போல் மறுபடி புடைத்தது. மடக்கிய முழங்காலைச் சுற்றி ஒரு வளைவு. அப்புறம் பாதம்.

தராசு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஓர் உருவத்தைத் தண்ணீர் கோடு பிசகாமல் வரைந்து முடித்தது.

அவரைப் பார்த்துப் படுத்திருந்தது அது.

"நகரு."

காதில் விழுந்த சத்தம்கூட இல்லை. கன்னத்தில் பட்ட மூச்சு.

ஜிப்பைப் பிடித்து இழுத்தார். வாசல் பிளந்ததும் காற்று பனித்துருவலை முகத்தில் வாரி இறைத்தது. ஒரு காலை வெளியே வைத்து எழ முயன்றார். முழங்கால் மடங்கியது. மண்ணில் முகம் பட விழுந்தார். அடுத்த அடி எங்கே, பாறை எங்கே, பள்ளம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு தவழ முடியும்? எவ்வளவு நேரம்? கணக்கு மறுபடியும் நேராகத்தான் வந்தது. வெளியே இருந்தால் நிச்சயம் சாவு.

அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். தன் கையாலேயே ஜிப்பை மூடினார்.

அப்போதுதான் அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். இதே துணியில், இதே இடத்தில் படுத்துக்கொண்டு, கால்மாட்டிலிருந்து நிதானமாகத் தைக்க ஆரம்பித்தவர். நூல் தீர்ந்ததும் மெழுகு நூலை எடுத்தவர். அதுவும் தீர்ந்ததும் காலுறையை உருவியவர். தலைமாட்டை நெருங்க நெருங்க, முகத்துக்கு நேரே வர வர, குத்திய இடத்திலேயே குத்தியவர்.

தராசு தன் காலுறையைக் கழற்றி இழையை உருவத் தொடங்கினார். வேகவேகமாக உருவினார். மடியில் ஒரு குவியல் சேர்ந்த பிறகு கை நின்றது.

ஊசி அலமாரியில் இருந்தது. தடுப்புத் துணி வீட்டில் இருந்தது.

"நகரு."

நகர்ந்தார். முதுகு துணிச் சுவரில் அழுந்தியது. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் படிந்திருக்கும் ஈரமெல்லாம் தொட்டவன்மேல் இறங்கும். தூங்கும் பை முதுகுப் பக்கம் நனைந்தது. நனைந்த தூவி கட்டிகட்டியாகச் சேர்ந்துகொண்டது. தூவி உப்பலாக இருக்கும்வரைதான் சூடு. குளிர் எலும்பில் ஏறியது. பற்கள் தந்தியடித்தன. வெகுநேரம் உடம்பு உதறியது.

பிறகு உதறல் நின்றது.

உதறல் நிற்பது நல்லதல்ல என்று அவருக்குத் தெரியும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அது ஏன், எப்படி என்று கூட யாராவது கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பார். கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

வெளிச்சம் பாலிலிருந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. எதிரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், வெறுமையிலிருந்து ஒரு சூடு வந்துகொண்டிருந்தது. போர்வைக்குள் வெகுநேரம் படுத்திருந்த உடம்பின் சூடு. லேசான வியர்வை வாடையும் வந்தது. அருவருப்பாக இல்லை. அதுதான் பயங்கரம்.

"குளிருதா?"

அவர் பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார்.

"ஆமா" என்றார்.

"வா."

பையின் வாயைத் திறந்துகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தராசு அந்தச் சூட்டை நோக்கி நகர்ந்தார்.

*

காலையில் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. இரண்டு இளைஞர்கள் முகட்டு வழியாக வந்து, கூடாரத்துக்கு வெளியே ஒற்றைக் காலுறையோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டு, தோள் கொடுத்து இறக்கிவிட்டார்கள். "டென்டை மடிச்சு எடுத்துக்கவா சார்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டபோது தராசு போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்வாங்கினான். மலையில் ஒரு பழத்தோலைக்கூடப் போட்டுவிட்டு வராத மனிதர், கூடாரத்தை நட்டது நட்டபடி விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள். மைத்துனன் முதல்முறையாக ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

"குளிர் ஏறினா அப்படித்தான் மாமா. பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும்னு சொல்வாங்க. உயிர் பிழைக்க மூளை பண்ற வேலை. அதுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு."

தராசு தலையாட்டினார். நல்ல காரணம். கையில் ஏந்திப் பார்த்தால் எடை சரியாக இருந்தது. நனைந்த பைக்குள் கிடந்தவன் எப்படிச் சூடாக எழுந்தான் என்ற இடத்தில் மட்டும் தட்டு கொஞ்சம் சாய்ந்தது. அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அந்தத் தடுப்புத் துணி எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னிக்கே வெட்டி ரெண்டு காய்கறிப் பை தச்சிட்டேனே. ஏன்?"

"சும்மாதான்."

அன்று இரவு தூக்கம் அடித்துப் போட்டது. கனவுகூட இல்லை. விடிந்ததும் அவருக்குத்தான் முதலில் விழிப்பு வந்தது. கட்டிலின் விளிம்பில், ஒரு காலைத் தரையில் ஊன்றிய நிலையில் படுத்திருந்தார். முழங்காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தூக்கத்தில் வைத்திருப்போம் என்று எண்ணிக்கொண்டார். நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டார். உயிரோடு வீட்டில் நின்று தேநீர் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றியது. அவளை எழுப்பிக் கொடுக்கலாம் என்று இரண்டு கோப்பைகளோடு படுக்கையறை வாசலுக்கு வந்தார்.

மனைவி கட்டிலின் அந்த ஓரத்தில், சுவரைப் பார்த்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேர் படுக்கலாம் என்று சொல்லி வாங்கிய கட்டில். மீதி முழுக்கக் காலியாகக் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் நகருங்களேன்" என்றாள் அவள் தூக்கக் கலக்கத்தில். "ஏன் இப்படி நெருக்குறீங்க? மூச்சு முட்டுது."

தராசு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கட்டிலின் தலைமாட்டில் ஜன்னல். இரவுக் குளிரில் கண்ணாடி சில்லிட்டிருந்தது. அவள் தலைக்கு மேலே கண்ணாடியில் ஒரு கைக்குட்டை அளவு வெண்மை படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், காலியான தலையணைக்கு மேலே, இன்னொன்று.

சுருங்கியது. பெருத்தது.

கோப்பைகளைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். அலமாரியில் ஊசி நூல் டப்பா அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்தார். இதையா பாரம் என்று இறக்கி வைத்தோம் என்று இருந்தது. உள்ளங்கையில் எடையே தெரியவில்லை.

ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

எதை எதோடு சேர்த்துத் தைப்பது என்று தெரியாமல் நின்றார்.